புல்லுச்சாமை தொடர்பாக

களைநாசினி அடித்த புல் அன்றைக்கே சாவதில்லை. முதல் நாள் ஒன்றும் நடக்காதது போலப் பச்சையாக நிற்கும். இரண்டாம் நாள் நுனி வெளிறும். நாலாம் நாள் காலையில் படலையைத் திறந்து பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு எதிரே கிடக்கும் வெறும் வளவு முழுவதும் பழைய பத்திரிகைத்தாளின் நிறத்துக்கு வந்திருந்தது. மருந்து அடித்தவர்கள் மூன்று பேர். அவர்களை அனுப்பியது ஓர் அலுவலகம். ஆனால் அந்த அலுவலகத்தை எழுப்பிவிட்ட கடிதம் என்னுடையது. திகதி, பொருள், பிரதிகள் என்று எல்லாம் முறைப்படி அமைந்த கடிதம்.

நான் முப்பத்துநாலு வருடம் அரசாங்க அலுவலகங்களில் வேலை செய்து, பிரதம இலிகிதராக ஓய்வு பெற்றவன். எங்கள் ஒழுங்கையில் பிறப்புச் சான்றிதழில் பிழை என்றாலும், காணி உறுதிப் பத்திரத்தில் சிக்கல் என்றாலும் கடதாசியைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். நான் நிரப்பிக் கொடுத்த படிவம் எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். பின்னால் வரப்போவதற்கு அது தேவை.

அந்த வளவு ஆறு பரப்பு, ஏக்கரில் பாதிகூட இல்லை. சொந்தக்காரர் வெளிநாட்டில். வேலி விழுந்து பல வருடங்களாகின்றன. வடக்கு மூலையில் ஒரு வேம்பு. அதன் கீழே ஒரு கல், கல்லின் மேல் ஒரு சூலம். அதுதான் வைரவர். கூரையும் இல்லை, ஐயரும் இல்லை, திருவிழாவும் இல்லை. மாரி மழை விழுந்ததும் அந்த நிலம் முழுவதும் ஒரு புல் தானாக எழும்பும். மார்கழியில் முழங்கால் உயரத்துக்கு வந்து கதிர் விடும். அதற்குத் தாவரவியலில் ஒரு பெயர் இருக்கும், எனக்குத் தெரியாது. ஒழுங்கையில் எல்லோரும் புல்லுச்சாமை என்பார்கள். சாமையைப் போன்ற விதைதான், ஆனால் இன்னும் சின்னது, சாம்பல் நிறம். குறுக்கே நடந்தால் உடுத்த சாரத்தின் கரையில் ஒட்டிக்கொண்டு வரும். அதை ஆட்டுக்கு ஆகிற புல் என்றுதான் வாழ்நாள் முழுவதும் நினைத்திருந்தேன்.

மார்கழிக் கடைசியில் ஒரு காலை, பின்வீட்டுத் தங்கச்சி அந்தப் புல்லுக்குள் குந்தியிருந்தாள். தங்கச்சி என்று நான் கூப்பிடுகிறேனே தவிர அவளுக்கும் அறுபது ஆகிவிட்டது. வெங்காயமும் புகையிலையும் செய்த தோட்டக்காரக் குடும்பம். கையளவு புல்லைச் சேர்த்துப் பிடித்து, கதிர்களுக்குக் கீழே தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டாள். பிறகு அடுத்த பிடி. அதற்கும் ஒரு முடிச்சு.

"என்ன பிள்ளை, புல்லுக்குத் தலை பின்னி விடுறாய்?"

"கொட்டுண்டு போகாமக் கட்டுறன் அண்ணை. உது நெல்லு மாதிரி நிண்டு காத்திராது. முத்தின உடனை விழுந்திடும்."

அவள் விளக்கினாள். இந்தப் புல்லின் கதிர் ஒரே நாளில் முற்றாது. நுனியில் தொடங்கி, ஒவ்வொரு மணியாகக் கீழே இறங்கும். முற்றியதைத் தொட்டாலும் காற்று அடித்தாலும் நிலத்தில்தான். முடிச்சுப் போட்டால் விழுகிற மணி அந்தக் கற்றைக்குள்ளேயே தங்கும். பிறகு விடிய வெள்ளென, பனி ஈரம் காய முன்னர், கற்றையைச் சுளகுக்கு மேலே சாய்த்து விரலால் தட்ட வேண்டும். ஒரு கற்றைக்குப் பத்து நாள் வரை திரும்பத் திரும்பப் போக வேண்டும். ஒரு கடகம் நிறையச் சேர்த்து, குத்தி, புடைத்தால் கடைசியில் ஒரு சுண்டு, ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு, அரிசி மிஞ்சினாலே பெரிய விஷயம். அவளுக்கு இரண்டு சுண்டு தேவை.

"ஆட்டுக்கோ?"

"வாயைக் கழுவுங்கோ. வைரவருக்கு."

அவளுடைய மகளுக்கு மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. நாலாவது முறை மகள் மானிப்பாய் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில், தாய் இந்தக் கல்லுக்கு முன்னால் வந்து நேர்த்தி வைத்திருக்கிறாள். பிள்ளை உயிரோடு கைக்கு வந்தால், அதற்கு முதல் முதல் தீத்துகிற சோறு இந்த வளவில் பொங்கிய புல்லுச்சாமைப் புக்கையாக இருக்கும். ஆடியில் பெண்பிள்ளை பிறந்தது. தை மாதம் ஆறு மாதம் நிறையும், சோறு தீத்த வேண்டும். மருமகன் வெளிநாட்டில் இருக்கிறார், தாய்க்கும் பிள்ளைக்கும் விசா வந்துவிட்டது, மாசி முதற்கிழமை பயணம். அதனால் தைக் கடைசி வெள்ளிக்குள் பொங்க வேண்டும். தவறினால் பிள்ளை விமானத்தில் ஏதோ ஒரு போத்தல் சாப்பாட்டில் தொடங்கும், அவளுடைய வாக்கு இந்த வேம்பின் கீழேயே கிடக்கும்.

"நெல்லரிசியிலை பொங்கினால் உன்ரை வைரவர் கோவிப்பாரோ?" என்று கேட்டேன். படித்தவன் கேட்கிற கேள்வி.

"விதைச்ச நெல்லெண்டால் விதைச்சவனுக்கு அதிலை உரித்து இருக்கு அண்ணை. தண்ணி இறைச்சவனுக்கும் இருக்கு. காணிக்காரனுக்கும் இருக்கு. உது ஒருத்தரும் விதைக்கேல்லை. ஒருத்தரின்ரையும் இல்லை. உவர் அதைத்தான் கேக்கிறவர்."

முப்பத்துநாலு வருடத்தில் ஒருவருக்கும் சொந்தமில்லாத ஒரு பொருளை நான் எந்தப் படிவத்திலும் கண்டதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு கூடு இருக்கும், கூட்டுக்குள் ஒரு பெயர் இருக்கும். பெயர் இல்லாவிட்டால் விண்ணப்பம் முழுமையற்றது.

தை பிறந்ததும் டெங்கு ஒழிப்பு வாரம் தொடங்கியது. ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போனார்கள். பக்கத்து ஒழுங்கையில் இரண்டு வீடுகளுக்குச் சிவப்பு அறிவித்தல் ஒட்டப்பட்டது: பற்றைகளும் ஓரடிக்கு மேற்பட்ட புற்களும் அகற்றப்படல் வேண்டும், தவறினால் அலுவலகம் அகற்றும். அந்த அறிவித்தலின் தமிழ் என்னுடையது. பல வருடங்களுக்கு முன் ஒரு சுற்றறிக்கையைப் பார்த்து நான்தான் எழுதிக் கொடுத்தேன். பற்றைகள் என்று மட்டுமே இருந்ததில் புற்களையும் சேர்த்தவன் நான். முழுமைக்காக.

எனக்குப் பயம் வந்தது. வளவுக்குள் அதற்குள் நானூறு, ஐந்நூறு முடிச்சுகள் இருந்தன, மணி முற்றித் தட்டத் தொடங்கியிருக்கவில்லை. யாராவது வந்து வெட்டிவிட்டால்? முறை தெரிந்தவன் செய்கிறதைச் செய்தேன். மேசையில் உட்கார்ந்து, அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். பொருள்: இன்ன ஒழுங்கையில் அமைந்துள்ள உரிமையாளர் வெளிநாட்டிலுள்ள காணியில் வளர்ந்துள்ள புல்லுச்சாமை தொடர்பாக. சமயக் கிரியை ஒன்றின் பொருட்டு மேற்படி காணியைத் துப்புரவு செய்வதைத் தை மாத இறுதிவரை ஒத்திவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொண்டேன். நாலு பிரதிகள்.

மனைவி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கடிதத்தை எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்த வளவைப் பற்றி ஆரும் ஏதும் கேட்டவையோ?"

"இல்லை."

"பேந்து ஏன் எழுதுறியள்? அது தன்ரை பாட்டிலை நிக்குது. ஒருத்தரின்ரை கண்ணிலையும் படேல்லை. கடிதம் போட்டு ஏன் கூப்பிட்டுக் காட்டுறியள்?"

"எழுத்திலை இருந்தால்தான் பாதுகாப்பு."

"நீங்கள் என்னைக் கலியாணம் கேட்டு வந்ததுக்கும் எழுத்திலை ஒண்டு வைச்சிருக்கிறியளோ?"

உறையை ஒட்டினேன். தபாலில் போடவும் இல்லை. சைக்கிளில் நேரே கொண்டுபோய்க் கொடுத்து, என் பிரதியில் திகதி முத்திரை குத்துவித்துக்கொண்டு, ஏதோ பெரிய காரியம் முடித்தவன் போல வீடு வந்தேன்.

மூன்றாம் நாள் நான் பிரஷர் குளிசை வாங்கப் பண்டத்தரிப்புக்குப் போயிருந்தபோது மனைவியின் அழைப்பு வந்தது. "கெதியா வாங்கோ. மருந்தடிக்கிறாங்கள்." நான் வந்து சேர்ந்தபோது முதுகில் மெஷின் கட்டிய மூவரும் கடைசி மூலையில் நின்றார்கள். புல் முழுவதும் நனைந்து மினுங்கியது. முடிச்சுகள் எல்லாம் அப்படியே இருந்தன. பின்வீட்டுத் தங்கச்சி வளவுக் கரையில் சுளகைப் பிடித்தபடி நின்றாள்.

"ஆர் சொன்னது அடிக்கச் சொல்லி?" என்று கத்தினேன்.

"எங்களுக்கு ஓடர் ஐயா," என்றான் ஒருவன். "இந்தக் காணியைப் பற்றிக் கடிதம் ஒண்டு வந்ததாம்."

இன்னொருவன் முடிச்சுகளைக் காட்டி, "ஆரோ செய்வினை செய்திருக்கினம் போலை. அதுதான் கையாலை புடுங்காமல் தள்ளி நிண்டு அடிச்சனாங்கள்," என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அண்ணை, கடிதம் நீங்களோ எழுதினது?"

"ஓம்."

"ம்," என்றாள். சுளகைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மருந்து பட்டதைப் பிள்ளையின் வாயில் வைக்க முடியாது என்று அவளுக்கு ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டெங்கு நுளம்பு புல்லில் முட்டை இடுவதில்லை. தெளிந்த நீர் தேங்கும் சிரட்டையிலும் தகரத்திலும் ரயரிலும் இடுகிறது. இது அவர்களே ஒலிபெருக்கியில் சொன்னது. அந்த வளவில் சிரட்டையும் இல்லை, ரயரும் இல்லை. மூவரும் போனபிறகுதான் ஒரு பாத்திரம் வந்து சேர்ந்தது. மருந்து கலக்கத் தண்ணீர் கொண்டுவந்த பிளாஸ்ரிக் வாளியை, விளிம்பு வெடித்துவிட்டது என்று வேம்பின் கீழே எறிந்துவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்த நாள் ஒரு சிறு மழை. வாளியின் அடியில் இரண்டு விரல் தண்ணீர். சில நாள் கழித்து எட்டிப் பார்த்தேன். கூத்தாடிப் புழுக்கள் சுழியோடிக்கொண்டிருந்தன. இத்தனை வருடம் நுளம்பு இல்லாத காணியில், டெங்கு ஒழிப்பு வாரத்தின் பெறுபேறு.

புழுக்களைத் தண்ணீரோடு ஒரு ஜாம் போத்தலில் அள்ளி, மூடி, சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே பொறுப்பில் இருக்கும் உத்தியோகத்தர் முன்பு எனக்குக் கீழே பயிலுநராகச் சேர்ந்தவர். கோவைக்கு நாடா கட்டுவதைக்கூட நான்தான் பழக்கினேன். என்னைக் கண்டதும் எழும்பினார்.

"வாங்கோ சேர், இருங்கோ. தேத்தண்ணி சொல்லட்டே?"

"தேத்தண்ணி வேண்டாம். அந்தப் புல்லுக்கு ஏன் மருந்து அடிச்சனீர்?"

அவர் அலுமாரியைத் திறந்து ஒரு புதுக் கோவையை எடுத்தார். முதலாம் இலக்கத் தாள் என் கடிதம்.

"சேர், உண்மையைச் சொல்லுறன். அந்தக் காணி எங்கடை லிஸ்ற்றிலையே இருக்கேல்லை. உங்கடை கடிதம் வந்தாப் பிறகுதான் எங்களுக்குத் தெரியும். புல் வளர்ந்திருக்கு எண்டும் உரிமையாளர் இல்லை எண்டும் நீங்களே எழுதியிருக்கிறியள். எழுத்திலை வந்தாப் பிறகு நடவடிக்கை எடுக்காட்டில் கணக்காய்வுக்காரர் கேப்பினம். நீங்கள்தானே சேர் எனக்குச் சொல்லித் தந்தனீங்கள்."

சொல்லித் தந்தது உண்மை. தெரியாமல் இருந்தால் பிழையில்லை, தெரிந்துகொண்டு சும்மா இருந்தால்தான் பிழை என்று அதே கட்டடத்தில், அதே மாதிரியான மேசையில் இருந்து சொன்னேன்.

"நான் ஒத்திவைக்கச் சொல்லியெல்லே கேட்டிருக்கிறன்?"

"சமயக் கிரியை எண்டால் கலாசார உத்தியோகத்தரின்ரை சிபாரிசு இணைக்க வேணும் சேர். இணைப்பு இல்லை. அதாலை அந்தப் பகுதியைக் கவனத்திலை எடுக்க ஏலாமல் போச்சு."

இணைப்பு இல்லை. என் வாழ்நாளில் முழுமையற்ற விண்ணப்பம் ஒன்றுதான் கொடுத்திருக்கிறேன். அது இதுவாக இருந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆறுதல் சொல்லத் தொடங்கினார். அதுதான் இன்னும் எரிச்சல்.

"சாமைதானே சேர் வேணும்? திருநெல்வேலியிலை சுப்பர்மார்க்கற்றிலை பக்கற்றிலை கிடக்கு. கல்லு மண் இல்லை, நல்ல துப்புரவு. எங்கடை வீட்டிலை சலரோகத்துக்கு அதுதான் காய்ச்சிறது."

நான் ஜாம் போத்தலை அவருடைய மேசையில் வைத்தேன்.

"இதென்ன சேர்?"

"உங்கடை ஆக்கள் விட்டிட்டுப் போன வாளிக்குள்ளை பிறந்தது. எண்ணிப் பாரும்."

அவர் போத்தலைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பவ்வியமாகத் திரும்ப வைத்தார்.

"இதுக்கு முறைப்பாட்டுப் படிவம் ஒண்டு இருக்கு சேர். நிரப்பித் தந்தியளெண்டால் அனுப்பலாம்."

எழும்பி யன்னலுக்குப் போனேன், ஏசிவிடாமல் இருக்கத்தான். யன்னலுக்கு வெளியே அலுவலகத்தின் பின் வளவு. சக்கரம் இல்லாத ஒரு ட்ரெயிலர், துருப்பிடித்த தண்ணீர்த் தாங்கி, வாகனக் கொட்டகை. கொட்டகைக்கும் மதிலுக்கும் இடையில், முழங்கால் உயரத்துக்கு, சாம்பல் நிறக் கதிர் தலை குனிந்து நிற்க, புல்லுச்சாமை. ஒரு பரப்புக்குக் குறையாது. ஊருக்கெல்லாம் சிவப்பு அறிவித்தல் ஒட்டுகிற அலுவலகத்தின் முதுகுக்குப் பின்னால், ஒருவர் கைபடாமல், முற்றி நின்றது.

"இந்தப் புல்லு ஓரடிக்கு மேலை நிக்குதே. உங்களுக்கு ஆர் அறிவித்தல் ஒட்டுறது?"

அவர் சிரித்தார். "எங்களுக்கு நாங்களே ஒட்ட ஏலாது சேர். ஆள் பற்றாக்குறை. பார்த்துச் செய்விக்க வேணும்."

கேட்டால் கிடைக்காது. விதை எடுக்க அனுமதி கேட்டால் அதற்கு ஒரு பிரிவு தேவை, அரச சொத்து என்று ஒரு கேள்வி வரும், சிபாரிசு வரும், அதற்குள் தை போய்விடும். சும்மா புகுந்தால் காவலாளி. ஆனால் எந்த அலுவலகமும் மறுக்காத ஒரு விண்ணப்பம் இருக்கிறது. காலாண்டு முன்னேற்ற அறிக்கையில் அதற்கென்றே ஒரு நிரல் உண்டு, அந்த நிரல் எப்போதும் வெறுமையாகவே கிடக்கும். எனக்குத் தெரியும், நான் அதை வெறுமையாக அனுப்பியிருக்கிறேன்.

"தம்பி, எங்கடை ஒழுங்கைச் சனம் இந்த இடத்திலை கூலியில்லாமல் சிரமதானம் செய்ய விரும்புகினம்," என்றேன். "டெங்கு ஒழிப்பை முன்னிட்டு. நாளையிலை இருந்து ஆறு நாள், காலமை."

அவருடைய முகம் மலர்ந்தது. "மெய்யே சேர்? அருமை! இப்பவே எழுதித் தாங்கோ."

எழுதிக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் அனுமதி. பதாகைகூட அவர்களிடமே இருந்தது.

அன்று பின்னேரம் பின்வீட்டுக்குப் போனேன். தாவாரத்தில் மகள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி உரலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். இனிக் குத்த ஒன்றும் இல்லை என்பதுபோல. விஷயத்தைச் சொன்னேன்.

"அது விதைச்சதோ அண்ணை?"

"அங்கை ஒருத்தரும் ஒண்டும் விதைக்கிறேல்லை."

"இடம் ஆரின்ரை?"

"அரசாங்கத்தின்ரை."

"அப்ப ஒருத்தரின்ரையும் இல்லை," என்றாள். சுளகை எடுத்துத் தட்டித் தூசு போக்கினாள்.

அடுத்த நாள் விடிந்தும் விடியாமல், தங்கச்சியும் மகளும் என் மனைவியும் நானும் அலுவலகத்தின் பின் வளவுக்குள் இறங்கினோம். பிள்ளையை ட்ரெயிலரின் மறைவில் பாய் விரித்துக் கிடத்தினார்கள். காவலாளி பதாகையைக் கட்டித் தந்தார். முடிச்சுப் போடாத புல் என்பதால் பாதி ஏற்கெனவே கொட்டுண்டு போயிருந்தது. மீதியைப் பனி ஈரத்தோடு சுளகில் சாய்த்துத் தட்டினோம். நான் தட்டியது பெரும்பாலும் சுளகுக்கு வெளியே விழுந்தது.

"கடிதம் எழுதிற கை," என்றாள் மனைவி. "மெதுவாத் தட்டுங்கோ. முத்திரை குத்திற மாதிரிக் குத்துறியள்."

எட்டரைக்கு உத்தியோகத்தர் கைத்தொலைபேசியோடு வந்தார். எங்களை வரிசையாக நிற்கச் சொன்னார்.

"அம்மா, கொஞ்சம் சிரியுங்கோ."

"நான் வைரவருக்கு முன்னாலையே சிரிக்கிறேல்லைத் தம்பி," என்றாள் தங்கச்சி.

படம் எடுத்த பிறகு அவர் புல்லைப் பார்த்தார். "ஏன் சேர் வெட்டாமல் தட்டுறியள்?"

"விதை நிலத்திலை விழுந்தால் அடுத்த மாரிக்கும் முளைக்கும். முதலிலை விதையை அகற்ற வேணும். பிறகுதான் வெட்டிறது."

"ஓ! நல்ல முறை சேர். அறிக்கையிலை போடுறன்," என்றார். போட்டும் இருக்கிறார். பின்னர் பார்த்தேன்.

ஆறு நாள் போனோம். ஆறாம் நாள் புல்லை வெட்டிக் கட்டிக் கொடுத்தோம். சொன்ன சொல். குத்தியபோது உமியும் மணலும் போக மிஞ்சியது ஒன்றரைச் சுண்டு. இரண்டு வேண்டும் என்றாளே, என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். "அவருக்குத் தெரியும்தானே என்ன நடந்ததெண்டு," என்றாள். "கடிதம் அவருக்கும் ஒரு பிரதி போயிருக்கும்."

அதுதான் அவள் என்னை ஏசியது. ஒரே ஒரு முறை.

தைக் கடைசி வெள்ளி காலை, செத்துக் காய்ந்த புல்லின் நடுவே, வேம்பின் கீழே மூன்று கல் வைத்துப் பொங்கினாள். காய்ந்த முடிச்சுகள் சுற்றிவர அப்படியே நின்றன. ஒன்றையும் அவள் பிடுங்கவில்லை. புக்கை சாம்பல் நிறமாக வந்தது. சூலத்துக்கு முன்னால் படைத்து, கற்பூரம் காட்டி, பிள்ளையை மடியில் வைத்து விரல் நுனியால் தொட்டு வாயில் வைத்தாள். பிள்ளை முகத்தைச் சுழித்தது. துப்பப்போகிறது என்று எல்லோரும் நினைத்தோம். நாக்கை வெளியே நீட்டி, உள்ளே இழுத்து, யோசித்து, திரும்பவும் வாயைத் திறந்தது. மகள் அழுதாள். தங்கச்சி அழவில்லை, இரண்டாம் முறை தீத்தினாள்.

எனக்கும் வாழையிலைத் துண்டில் கொஞ்சம் தந்தார்கள். அமிர்தம் என்று பொய் சொல்லமாட்டேன். லேசாகக் கசந்தது. ஒரு மணல் பல்லில் கடிபட்டது. அதைக் கடித்துக்கொண்டு நான் கோபத்தில் நின்றேன். ஒரு சந்தோஷமான காரியம் நடக்கிற இடத்தில் அப்படி நிற்பது மரியாதை இல்லைதான். ஆனால் யோசித்துப் பார்த்தால், இந்த விஷயத்தில் ஒருவரும் பிழை விடவில்லை. கடிதம் சரி. கோவை திறந்தது சரி. இணைப்பு இல்லாததைக் கவனத்தில் எடுக்காதது சரி. மருந்தின் அளவுகூடச் சரியாக இருந்திருக்கும். யாரையாவது பிடித்து, நீதான் செய்தாய் என்று உலுக்கலாம் என்றால், பிடிபடுவது என் கை மட்டும்தான். மற்றவர்கள் எல்லோரும் நான் எழுதி வைத்ததன்படி நடந்தவர்கள். ஆறு பரப்பு நிலத்தில் தன் பாட்டுக்கு நின்ற ஒரு புல்லை, அது யாருடையதும் இல்லை என்பதற்காகவே ஒருவரும் தொடாமல் விட்டிருந்தார்கள். நான் அதற்கு ஒரு பெயரும் பொருளும் இலக்கமும் கொடுத்தேன். அதோடு அது முடிந்தது.

பாத்திரங்களைக் கழுவி எடுத்த பிறகு, தங்கச்சி சுளகில் ஒட்டியிருந்த குத்தாத மணிகளைத் துடைத்துச் சேர்த்தாள். ஒரு பிடி வரும். வளவுக்குள் நடந்தபடியே சுளகை அங்கும் இங்கும் உதறினாள்.

"விதைக்கிறியோ?" என்றேன்.

"விதைச்சால் என்ரையாப் போயிடும். சும்மா உதறுறன். விழுறது விழட்டும்."

மாசி முதற்கிழமை மகளும் பிள்ளையும் போய்விட்டார்கள். அதற்கு அடுத்த கிழமை அலுவலகத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. சிரமதானத்துக்கு நன்றி. மேலும், எதிரே உள்ள காணியை வருடாந்தக் களைநாசினித் திட்டத்தில் சேர்க்க உத்தேசித்திருப்பதால், காணியின் எல்லைகள், பரப்பளவு, உரிமையாளரின் வெளிநாட்டு முகவரி ஆகியவற்றைப் பதினான்கு நாட்களுக்குள் தெரிவிக்குமாறு வேண்டப்படுகின்றீர்கள்.

பேனையை எடுத்தேன். பழக்கம். ஆட்சேபனைக்குரிய காரணங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதில் வரிசையாக வந்து நின்றன. கலாசார உத்தியோகத்தரின் சிபாரிசைப் பெறுகிற வழிகூடத் தெரியும். இந்த முறை ஒரு இணைப்பும் தவறாது.

பிறகு பேனையை மூடி வைத்தேன். பதில் வராத கடிதத்துக்கு என்ன நடக்கும் என்று என்னைவிடத் தெரிந்தவர் இந்த மாவட்டத்தில் இல்லை. முதலாம் நினைவூட்டல் வரும். இரண்டாம் நினைவூட்டல் வரும். விபரம் கிடைக்காததால் கோவை நகராது. உத்தியோகத்தருக்கு இடமாற்றம் வரும். புதிதாக வருகிறவர் அலுமாரியின் மேல் தட்டுக்கு ஏற்றுவார். அங்கே போனது கீழே இறங்கி நான் கண்டதில்லை. பதில் எழுதினால் மட்டுமே அந்த வளவுக்கு ஆபத்து.

நேற்று முதலாம் நினைவூட்டல் வந்தது. மனைவி உறையைப் பிரித்து வாசித்துவிட்டு என் மேசையில் வைத்தாள்.

"பதில் போட்டிட்டியளோ?"

"இல்லை."

"போடப் போறியளோ?"

"இல்லை."

அவள் என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. "அப்ப சரி," என்று சொல்லி, அந்தக் கடிதத்தை மடித்து ஆடுகிற மேசைக் காலுக்குக் கீழே வைத்தாள்.